ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

எடையைக் குறைக்க அக்காவுக்கு ஸ்லீவ் என்ற இரைப்பை அறுவை செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதே வாரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறோர் அம்மாவுக்கு இரைப்பை பைபாஸ். இன்றும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இருவருக்கும் எடை குறைந்ததில் பெரிய வித்தியாசமில்லை. அன்றாடப்பாடுதான் வேறு வேறாகிவிட்டது. "எதில் அதிகம் குறையும்?" என்றுதான் அன்று நாங்கள் மருத்துவரிடம் கேட்டோம். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் தொல்லைகளைச் சொல்லி, அதற்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஸ்லீவில் இரைப்பையை நெடுக வெட்டி, ஏறக்குறைய 80 சதவீதத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குறுகலான குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் சேர்ந்தே போய்விடுவதால் பசி அடங்குகிறது. குடலைத் தொடுவதில்லை, ஆனால் வெட்டியதைத் திரும்ப வைக்க வழியில்லை. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் கடந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் 217 பேரை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கூடுதலாக இருந்த பிஎம்ஐயில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீட்டில்) ஸ்லீவ் செய்தவர்களுக்கு 61 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களுக்கு 68 சதவீதமும் குறைந்திருந்தன. இதைக் குறிப்பிடத்தக்க வேறுபாடாக ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. அதே ஆய்வில் நெஞ்செரிச்சல் பற்றிய எண்களைப் பாருங்கள். முன்பே அது இருந்தவர்களில் பைபாஸில் 60 சதவீதம் பேருக்கு நீங்கியது, ஸ்லீவில் 25 சதவீதம் பேருக்குத்தான். ஸ்லீவில் 32 சதவீதம் பேருக்கும் பைபாஸில் 6 சதவீதம் பேருக்கும் அது முன்பைவிட மோசமாகியிருந்தது.

இந்த எண்களை நான் மிகத் தாமதமாகப் படித்தேன். அக்காவுக்கு முன்பே இரவில் தொண்டைவரை புளிப்பு ஏறும். அதை ஒரு நோயாகவே நாங்கள் எண்ணாததால் மருத்துவரிடம் சொல்லவில்லை. ஸ்லீவுக்குப் பிறகு அது வளர்ந்து, இப்போது தலைமாட்டை உயர்த்தாமல் அவளால் படுக்க முடிவதில்லை. ஸ்லீவை பைபாஸாக மாற்ற முடியும். ஆனால் அது இன்னொரு அறுவை. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் எரிச்சலாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்துவிடுவது நல்லது. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு நான் தயங்காமல் பைபாஸ் பக்கமே கை காட்டுவேன்.

நீண்டநாள் சர்க்கரை நோய்க்கும் பைபாஸுக்கே பொதுவாகக் கை ஓங்கியிருக்கிறது. எடை இறங்கும் முன்பே, சில நாள்களிலேயே சர்க்கரை இறங்கிவிடுவதுண்டு. இன்சுலின் அளவை உடனே திருத்த வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முந்தைய ஏற்பாடுகள் இரண்டுக்கும் ஒன்றுதான். சுமார் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உணவு. இரைப்பையின் மேல் கவிந்திருக்கும் கல்லீரல், தன் கொழுப்பு கரைந்து சுருங்கினால்தான் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப்பிடித்து வேலை செய்ய முடியும். புகைப்பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

முதல் நாள்களும் ஒரே மாதிரிதான். அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். மறுநாள் காலை, மருந்து அளக்கும் சின்னக் குப்பியில் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். 30 மில்லிலிட்டர். ஒரு மிடறு, ஓய்வு, மறுபடி ஒரு மிடறு என்று அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரமானது. நீராகாரம், மசித்தது, மென்மையானது என்று படிப்படியாக ஏறி வழக்கமான உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது அக்கா அழுதுவிட்டாள். பெரும்பாலும் அது தானாகவே திரும்ப வளரும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் எடுப்பதுதான் முக்கியம்.

அதன் பிறகு பாதைகள் பிரிகின்றன. பைபாஸ் செய்தவர் இனிப்பை அளவு மீறிச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். ஸ்லீவில் இது குறைவு. வைட்டமின் மாத்திரைகள் இருவருக்குமே ஆயுள் முழுக்க உண்டு. ஆனால் பைபாஸில் இரும்பு, கால்சியம், பி12 ஆகியவை உடலில் சேர்வதே குறைந்துவிடுவதால், விட்டுவிட்டால் இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் தேடி வரக்கூடும். கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டே விழுங்க வேண்டும். பைபாஸ் செய்தவர் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரக்கூடும். தினமும் மாத்திரை எடுக்க முடியாது என்று தெரிந்தவருக்கு, நெஞ்செரிச்சலும் இல்லையென்றால், ஸ்லீவே பாதுகாப்பு. கருத்தரிப்பை இருவரையுமே 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

முதல் வாரங்களில் நெஞ்சுத் துடிப்பு வேகமாகி, காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியோ சேர்ந்தால், தையல் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பைபாஸில் இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் கழித்துக்கூட உள்ளே குடல் ஓர் இடுக்கில் நழுவிச் சிக்கி, திடீரென வயிற்றைப் பிசையும் வலி வரலாம். பார்க்கும் மருத்துவருக்கு பைபாஸ் விஷயம் தெரிந்தால்தான் அது அவர் நினைவுக்கே வரும். பக்கத்துக் கட்டில் அம்மா, தனக்கு இந்த அறுவை நடந்த தேதியை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறார்.