கவச உடைக்கு முன்பணம் கொடுக்கும் முன்: என் இரண்டு மாதச் சம்பளம் போன கதை

நேற்றிரவு கடைசிப் பதிலும் வந்துவிட்டது. பணம் திரும்ப வராதாம். இரண்டு மாதச் சம்பளம். தூக்கம் வரவில்லை, அதனால் விடியும் முன்பே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு போகும் காஸ்ப்ளே விழாக்களுக்காக விண்வெளி வீரர், எந்திர மனிதர் மாதிரியான பெரிய கவச உடையை யாரிடமாவது செய்யக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்கவசமும் இரண்டு முன்கைக் கவசங்களும் நானே செய்தவை. உடம்பைச் சுற்றி சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, கத்தரித்து எடுத்து, அதையே அச்சாக வைத்து வெட்டினேன். அடித்தளத்துக்கு 10 மி.மீ. ஈவிஏ ஃபோம் (வெட்டவும் வளைக்கவும் எளிதான நுரைத்தாள்), மேலடுக்குக்கு 5 மி.மீ., ஓரவேலைக்கு 2 மி.மீ. இருபுறமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஓரத்தோடு ஓரம் வைத்து அழுத்த வேண்டும். ஒரு முறை ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது. தலைக்கவசத்தின் தாடைப் பகுதியை மட்டும் நான்கு முறை வெட்டியிருக்கிறேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டும்போது ஃபோமின் நுண்துளைகள் மூடிக்கொண்டு மேல்பரப்பு லேசாகப் பளபளக்கும் அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

மார்பு, முதுகு, தோள், தொடை, கெண்டைக்கால் ஆகியவைதான் எனக்குப் பயமாக இருந்தன. நான் வரைந்த உடை சாதாரணமானதல்ல. தோள்கள் இரண்டும் என் உண்மையான தோளைவிட ஒரு கையகலம் வெளியே நிற்க வேண்டும். அவ்வளவு பருமனான உடையில் ஒரு பாகத்தின் அளவு தப்பினாலும் அடுத்த பாகம் இடிக்கும். மார்புக்கவசம் இரண்டு விரற்கடை நீண்டால் குனிய முடியாது. தொடைக்கவசம் மேலேறினால் உட்கார முடியாது. தோள்கவசத்தை மார்போடு இறுக்கமாகக் கட்டினால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. ஒன்றரை மாதத்தில் விழா. அலுவலகம் முடிந்து இரவில் மட்டும் வேலை செய்கிறவனுக்கு அந்தக் காலம் போதாது. அதனால்தான் ஆள் தேடினேன்.

"நீயே செய்திருக்க வேண்டியதுதானே" என்று இரண்டு பேர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார்கள். 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதரைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். அந்த உடையை அவருக்குத் தைத்துக் கொடுத்தவர் உடன் வந்த மிர்ட்டில் டக்ளஸ். ஒருவர் செய்து கொடுக்க இன்னொருவர் உடுத்துவது இந்தக் கலையில் தொடக்கத்திலிருந்தே உண்டு. செய்யக் கொடுத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. கொடுத்த ஆளைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

கைவினைப் பொருட்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில்தான் அந்தப் பட்டறையைப் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. அதன் முகப்பில் கரும்பச்சை நிறத்தில் ஒரு மார்புக்கவசத்தின் படம் இருந்தது. இடது தோளுக்குக் கீழே வெள்ளி நிறத்தில் மூன்று கீறல்கள், நடுக்கீறல் மட்டும் நீளம். போரில் அடிபட்டுப் பூச்சு உரிந்ததுபோல அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். அந்தப் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் படத்தைப் பார்த்து நான் பணம் கொடுக்கவில்லை. காணொளி அழைப்பில் அந்தப் பட்டறைக்காரன் கேட்ட ஒரு கேள்வியால் கொடுத்தேன்.

அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடைச் சுற்றளவு சொன்னதும் நிறுத்தினான். "அண்ணா, இது நின்றபடி எடுத்ததா, உட்கார்ந்தபடி எடுத்ததா?" என்று கேட்டான். நின்றபடி என்றேன். "உட்கார்ந்தால் தொடை அகலும். கவசம் அறுக்கும். உட்கார்ந்து இன்னொரு முறை எடுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றான். உண்மையிலேயே காத்திருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து டேப்பைச் சுற்றினேன்; இரண்டு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் வந்தது. அடுத்து, உயரத்தை உடைக்கான காலணியைப் போட்டுக்கொண்டு அளந்தேனா என்று கேட்டான். மார்பை மூச்சை இழுத்து அளந்தேனா, விட்டு அளந்தேனா என்று கேட்டான். எனக்குள் ஏதோ தளர்ந்துவிட்டது. எட்டு மாதமாகத் தனியாக இந்த வேலையோடு மல்லுக்கட்டியவனுக்கு, என் சிக்கல் தெரிந்த ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அழைப்பு முடிவதற்கு முன் அவன் சொன்னது: "அண்ணா, சந்தை வழியாகக் கட்டினால் அவர்கள் கமிஷன் பிடிப்பார்கள். நேரடியாக அனுப்பிவிடுங்கள், அந்தக் காசுக்கு நல்ல ஃபோம் வாங்கிவிடலாம்." நல்ல ஃபோம் என்ற சொல்லில் மயங்கினேன். அன்றே ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினேன். "வெட்டும் வேலை முடிந்தது" என்றபோது அரை மாதச் சம்பளம். "பூச்சுக்குப் போகிறது" என்றபோது இன்னும் அரை மாதச் சம்பளம். ஆக இரண்டு மாதச் சம்பளம், பொருளைக் கண்ணால் பார்க்கும் முன்பே.

வேலை நடக்கும்போது படம் அனுப்பச் சொன்னால் எப்போதும் மிக அருகில் எடுத்த படம்தான் வரும். ஓர் ஓரம், ஒரு மடிப்பு, ஒரு பக்கிள். முழுப் பாகம் ஒருநாளும் வந்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விழா முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் பெட்டி வந்தது. சரி, அடுத்த விழாவுக்கு ஆகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்தபோது அக்காவும் உடன் இருந்தாள். முதலில் மூக்கில் ஏறியது பட்டியின் நெடி. சுவருக்குப் பட்டி பார்ப்பார்களே, அதைப் போல மேலே கனமாக அப்பி, உப்புத்தாள்கூடச் சரியாகத் தேய்க்காமல், அதன்மேல் வண்ணம் அடித்திருந்தார்கள். ஃபோம் இல்லை. ஒரு துண்டுகூட ஃபோம் இல்லை. எல்லாமே 3டி பிரிண்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக். தொடைக்கவசத்தின் உள்பக்கத்தைத் திருப்பினேன். அடுக்கடுக்காக வரிகள், நகத்தால் தட்டினால் காலி டப்பாவின் சத்தம். சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பட்டை கோக்கும் துளையில் நாடாவை நுழைத்து லேசாக இழுத்தேன். அச்சு வரியோடு வரியாகப் படக்கென்று பிளந்து, வில்லை மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. அதன் விளிம்பு கத்தி போலிருந்தது. இந்த உடைக்குள் நான் இருக்கும்போது ஒரு குழந்தை ஓடி வந்து மோதியிருந்தால்?

நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கெண்டைக்கால் கவசங்கள் இரண்டையும் எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, இது இரண்டுமே இடது காலுக்கானது" என்றாள்.

ஆம். இரண்டும் இடது கால். வெளிப்பக்கம் இருக்க வேண்டிய புடைப்பு ஒன்றில் வெளிப்பக்கமும் மற்றதில் உள்பக்கமுமாக வந்து என் முழங்காலோடு உரசியது. கணினிக் கோப்பை வலது காலுக்காகப் பிரதிபலிப்பாகத் திருப்ப வேண்டும். அதற்கு ஒரே ஒரு பொத்தான்தான். அதைக்கூட அழுத்தாமல் ஒரே கோப்பை இரண்டு முறை அச்சிட்டு அனுப்பியிருக்கிறான். உட்கார்ந்தபடி எடுத்த என் தொடை அளவு எங்கே போனது? தொடைக்கவசம் முழங்காலுக்கு மேலேயே ஏறவில்லை. யாரோ வரைந்த கோப்பை அப்படியே, அளவு மாற்றாமல் அச்சிட்டிருக்கிறான்.

ஒட்டியாவது பார்க்கலாம் என்று நண்பரின் வீட்டுக்குக் காரில் எடுத்துப் போனேன். வெயிலில் நிறுத்திய காரில் பாகங்களை விட்டுவிட்டு மதியம் வந்து பார்த்தால், மேலே இருந்த மார்புக்கவசம் கீழே இருந்ததன்மேல் துணிபோலச் சரிந்து கிடந்தது. அப்போதுதான் அது 3டி பிரிண்டரில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் என்று உறுதியானது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 105 டிகிரி வரை தாங்கும். எனக்குச் சொன்னதோ ஃபோம்.

இனி அவனுடைய பதில்கள். முதலில், "கூரியரில் உடைந்திருக்கும் அண்ணா." இரண்டு இடது காலும் கூரியரில் எப்படி முளைத்தன என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. அடுத்து, "வெந்நீரில் நனைத்து வளைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்." அடுத்து, "நீங்கள் கொடுத்த அளவு தவறு." இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. அந்த அளவை எடுக்கச் சொல்லிக் காத்திருந்தவனே அவன்தான். கடைசியாக, "உங்களுக்காகவே செய்தது, திரும்ப எடுக்க முடியாது." அண்ணா என்ற சொல் அதில் இல்லை. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

இணையச் சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே வாசகம் வந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." நேற்றிரவு வந்த முடிவு இது: பணம் சந்தைக்கு வெளியே செலுத்தப்பட்டதால் அது எங்கள் பாதுகாப்பில் வராது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு இரண்டு வரியில் பதில். அவன் கடை இன்றும் அங்கே திறந்தே இருக்கிறது. அவனைப் பற்றிப் புகார் வந்த பிறகும் அந்தக் கடையை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அதே பட்டறையில் பணம் இழந்த இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தொடை அளவை நின்றபடி எடுத்தீர்களா, உட்கார்ந்தபடி எடுத்தீர்களா என்று கேட்டான்." அதே கேள்வி. அதே காத்திருப்பு. அவருக்கும் அரைகுறைப் பிளாஸ்டிக்தான் வந்திருக்கிறது. வேலை தெரியாதவன் செய்த ஏமாற்று இல்லை இது. வேலை நன்றாகத் தெரிந்தவன், அந்த அறிவையே தூண்டிலாகப் போட்டிருக்கிறான். இந்தக் கலையை நேசிப்பவர்கள் எந்தச் சொல்லில் மடங்குவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். சந்தைக்கு வெளியே ஒரு காசுகூட அனுப்பாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும். முதலில் ஒரே ஒரு முழங்கால் கவசத்தை மட்டும் செய்யச் சொல்லி, அது கைக்கு வந்து, போட்டு, உட்கார்ந்து, எழுந்து பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள். பாகத்தின் உள்பக்கத்தைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தைப் பட்டியும் பூச்சும் மறைத்துவிடும். என்ன பொருள், எத்தனை மி.மீ. என்பதை எழுத்தில் வாங்குங்கள். புகார் கொடுப்பதற்கான கெடு எத்தனை நாள் என்று அன்றே பாருங்கள். "இன்னும் இரண்டு நாள்" என்று அவர்கள் இழுப்பது அந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான்.

இன்னொன்று. அந்தக் கரும்பச்சை மார்புக்கவசத்தின் படம் அவனுடையதே இல்லை. தேடிப் பார்த்தபோது, வேறொரு கைவினைஞர் பல ஆண்டுகளுக்கு முன் தன் வேலையைக் காட்டப் போட்ட படம் அது என்று தெரிந்தது. அவர் அதை ஃபோமில்தான் செய்திருக்கிறார், வெட்டியதிலிருந்து பூசியதுவரை ஒவ்வொரு படியையும் படமெடுத்து வைத்திருக்கிறார். அவருக்கும் எழுதியிருக்கிறேன். அவன் நாளைக்கே கடையின் பெயரை மாற்றலாம். இடது தோளுக்குக் கீழே மூன்று வெள்ளிக் கீறல்கள், நடுக்கீறல் மட்டும் நீளம். அந்தப் படத்தை எந்தக் கடையின் முகப்பில் பார்த்தாலும் பணம் அனுப்பாதீர்கள்.