கடை எடுக்க வாடகை ஒப்பந்தமா, லைசென்ஸா?

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ கடை பார்க்கப் போனால் உரிமையாளர் நீட்டும் பத்திரம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். அட்வான்ஸ், மாதப் பணம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் போட்டு, ரேக் அடித்து, வாடிக்கை பிடிக்கப் போகிறவருக்கு என் ஓட்டு வாடகை ஒப்பந்தத்துக்கே.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 105-ன்படி வாடகை என்றால் இடத்தை அனுபவிக்கும் உரிமையே கைமாறுகிறது. அதே ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் பிரிவு 52 சொல்லும் லைசென்ஸ் வெறும் அனுமதி. பத்திரத்தின் மேலே எழுதியிருக்கும் தலைப்பை நம்ப வேண்டாம். 1959-ல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர் வழக்கில், ஹோட்டல் அறைகளில் முடிதிருத்தும் தொழில் நடத்தியவரின் பத்திரத்தில் லைசென்ஸ் என்றே இருந்தது. உச்ச நீதிமன்றம் அதைக் குத்தகை, அதாவது வாடகை என்றது.

தீர்மானிப்பது தனி சுவாதீனம், அதாவது இடம் உங்கள் கையில் மட்டும் இருக்கிறதா என்பது. ஷட்டர் பூட்டின் சாவி யாரிடம்? உரிமையாளர் கேட்காமல் உள்ளே வர முடியுமா? உங்கள் கவுன்ட்டரை வேறு மூலைக்கு நகர்த்தச் சொல்ல முடியுமா? அவர் திறந்தால்தான் நீங்கள் திறக்க முடியும் என்றால், ரசீதில் 'வாடகை' என்றிருந்தாலும் அது லைசென்ஸ் பக்கமே சாயும். மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும் என்று பத்திரத்தில் எழுதி, நடப்பில் நீங்கள் மட்டுமே பூட்டித் திறந்தால் கோர்ட் நடப்பைத்தான் பார்க்கும். அதற்காக மாதாமாதம் ரசீது வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவும் அந்த முகவரியிலேயே இருக்கட்டும். சாவி மட்டுமே போதும் என்றும் இல்லை: வாட்ச்மேனும், சும்மா தங்கவிட்ட உறவினரும் சாவி வைத்திருந்தாலும் வாடகைதாரர் ஆகிவிட மாட்டார்கள்.

இது உறைப்பது கட்டடம் கைமாறும்போது. வாடகை என்றால் வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார் (சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 109). லைசென்ஸ் அவரைக் கட்டுப்படுத்தாது (ஈஸ்மென்ட் சட்டம், பிரிவு 59). சாமான்களை எடுக்க நியாயமான அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. கல், சிமென்ட் என்று நிரந்தர வேலை செய்திருந்தால் லைசென்ஸ் கொடுத்தவர் அதை ரத்து செய்ய முடியாது என்கிறது பிரிவு 60. கழற்றி எடுக்கக்கூடிய ரேக்கை வைத்து அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

பதினோரு மாதம் என்று போட்டால் பதிவே வேண்டாம் என்பது பழைய கணக்கு. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் போடும் ஸ்டால், சூப்பர் மார்க்கெட் மூலையில் மொபைல் கவர் மேசை, இவற்றுக்கு லைசென்ஸே தாராளம். ஆனால் ஈஸ்மென்ட் சட்டம் பிரிவு 56-ன்படி அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கடையை 'ரன்னிங்'கில் விற்கும் யோசனை இருந்தால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.