டிஎஸ் ஃபர்ம்வேரை டம்ப் எடுக்க எது நல்லது: டிஎஸ் லைட்டா, டிஎஸ்ஐயா, 3டிஎஸ்ஸா?

நின்டெண்டோ டிஎஸ் கேம்களை, கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான மெலன்டிஎஸ் எமுலேட்டரில் ஓட்ட இன்றைக்கு பயாஸ் (கன்சோலின் சிப்பில் பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) கோப்பு எதுவும் கட்டாயமில்லை. உள்ளேயே ஒரு மாற்று பயாஸ் இருக்கிறது, பெரும்பாலான கேம்களுக்கு அதுவே போதும். ஆனால் பவர் போட்டதும் வரும் அந்த வெள்ளைத் திரை, அப்புறம் மெனு, பிக்டோசாட் என்ற அரட்டைச் செயலி எல்லாம் அப்படியே வேண்டுமென்றால் நம் சொந்த கன்சோலிலிருந்து மூன்று கோப்புகளை நகலெடுத்தாக வேண்டும், இதைத்தான் டம்ப் என்கிறார்கள். டிஎஸ்ஸின் இரண்டு செயலிகளுக்கான ஏஆர்எம்9 பயாஸ் 4 கேபி, ஏஆர்எம்7 பயாஸ் 16 கேபி, மெனுவும் அமைப்புகளும் இருக்கும் ஃபர்ம்வேர் 256 கேபி. மூன்றையும் எடுக்க டிஎஸ்பிஎஃப் டம்ப் என்ற சின்ன ஹோம்ப்ரூ, அதாவது ஆர்வலர்கள் எழுதிய, கருவி இருக்கிறது. கருவி ஒன்றுதான் என்றாலும் அதை எந்த கன்சோலில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கையில் கிடைப்பது மாறிவிடுகிறது. டிஎஸ்ஐயோ 3டிஎஸ்ஸோ வைத்திருப்பவர்கள் பலர் இதைக் கவனிக்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் டிஎஸ் லைட். 2004-இல் வந்த பழைய குண்டு டிஎஸ்ஸுக்கும் இதே கதைதான். இவற்றில் எஸ்டி கார்டு செருக இடமில்லை, அதனால் ஆர்4 மாதிரி ஒரு ஃபிளாஷ்கார்ட், அதாவது மைக்ரோஎஸ்டியைச் செருகி கேம் கார்டு இடத்தில் போடும் கார்டு, வேண்டும். பாதித் தொல்லை இங்கேதான். அசல் ஆர்4 கார்டு 2 ஜிபிக்கு மேல் மைக்ரோஎஸ்டி ஏற்காது. குளோன் கார்டுகள் சிலவற்றின் கெர்னலில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) காலாவதித் தேதியையே எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தத் தேதி தாண்டினால் மெனுவே வராது. கன்சோலின் தேதியைப் பின்னுக்குத் தள்ளியோ வேறு கெர்னல் போட்டோதான் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் தாண்டினால் டிஎல்டிஐ. அது ஹோம்ப்ரூ நிரல் கார்டில் எழுதுவதற்கான டிரைவர். பல கார்டுகள் அதைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத கார்டில் கருவி திறக்கும், கோப்பை மட்டும் சேமிக்க முடியாது. அப்போது கணினியிலேயே அந்தக் கார்டுக்கான டிஎல்டிஐயை நிரலில் ஒட்டிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. டிஎஸ் லைட்டிலிருந்து வரும் ஃபர்ம்வேர் முழுசாக 256 கேபி இருக்கும், மெலன்டிஎஸ்ஸில் ஃபர்ம்வேரை பூட் செய்யச் சொன்னால் நேராக மெனுவுக்குப் போகும். பேட்டரி மூடிக்குக் கீழே இருக்கும் எஸ்எல்1 புள்ளிகளை ஷார்ட் செய்ய வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஃபர்ம்வேரில் எழுதுவதற்கு, அதாவது ஃபிளாஷ்மீ என்ற மாற்று ஃபர்ம்வேரைப் போடுவதற்கு. படித்து எடுப்பதற்கு எதையும் திறக்க வேண்டாம். சரி, ஏற்கெனவே ஃபிளாஷ்மீ போட்ட கன்சோலை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், டம்ப்பிலும் அந்த மாற்றிய ஃபர்ம்வேர்தான் வரும்.

3டிஎஸ் பக்கம் வந்தால் எல்லாமே சுலபம். லூமா, பூட்9ஸ்ட்ராப் என்ற ஹேக் மென்பொருள்களைப் போட்ட கன்சோலில், டிஎஸ் நிரல்களைத் திறக்கும் ட்விலைட் மெனுவை நிறுவி, கருவியை எஸ்டி கார்டில் போட்டு ஓட்டினால் வேலை முடிந்தது. ஃபிளாஷ்கார்டும் வேண்டாம், டிஎல்டிஐயும் வேண்டாம். ஆனால் கிடைக்கும் ஃபர்ம்வேர் பூட் ஆகாது. காரணம் எளிமையானது: டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டிலும் மெனு இருப்பது நேண்ட் என்ற உள் சேமிப்புச் சிப்பில். பழைய ஃபர்ம்வேர் சிப்பின் இடத்தில் வைஃபை அளவீடுகளும் பயனர் அமைப்புகளும் மட்டுமே மிச்சம், அதனால் கோப்பும் சின்னது, 128 கேபி அல்லது அதற்கும் குறைவு. கேமை நேரடியாகத் திறக்க இது போதும். மெனு வேண்டும் என்று இறங்கியவர்களுக்கு இது ஏமாற்றம்தான். 3டிஎஸ்ஸின் சொந்த பூட்ரோம் (பவர் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) வேண்டுமென்றால் அது தனி வேலை: ஸ்டார்ட், செலக்ட், எக்ஸ் மூன்றையும் அழுத்தியபடி பவர் போட்டால் பூட்9ஸ்ட்ராப்பே எஸ்டி கார்டில் எழுதிக் கொடுக்கும். முழு நேண்டையும் எடுக்க காட்மோட்9 என்ற கருவி இருக்கிறது.

டிஎஸ்ஐயை நான் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சிபாரிசு செய்வேன்: டிஎஸ்ஐவேர், அதாவது டிஎஸ்ஐக்குத் தரவிறக்கமாக வந்த கேம்கள். அவற்றை எமுலேட்டரில் ஓட்ட நேண்ட் டம்ப் கட்டாயம். மெமரி பிட் வழியாக, அதாவது கேமரா செயலியில் இருக்கும் ஓட்டை வழியாக, உள்ளே போய் டம்ப்டூலை ஓட்டினால் 240 எம்பி அளவில் நேண்ட் கோப்பு வரும். அதன் கடைசியில் அந்தக் கன்சோலின் அடையாள எண்களையும் கருவியே சேர்த்துவிடும்; அது இல்லாவிட்டால் நேண்டை டிக்ரிப்ட் செய்யவே முடியாது.

எடுத்த டம்ப் சரிதானா என்று பார்ப்பதிலும் டிஎஸ் லைட் கொஞ்சம் வசதி. பயாஸ் எல்லா டிஎஸ்ஸிலும் ஒன்றே என்பதால் தெரிந்த ஹேஷோடு (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுவிடலாம். முக்கியமாக ஏஆர்எம்7 பயாஸைப் பாருங்கள். அதன் ஆரம்பப் பகுதியை பயாஸுக்குள் ஓடும் நிரல் மட்டுமே படிக்க முடியும் என்று நின்டெண்டோ பூட்டி வைத்திருக்கிறது, கேம் கார்டு மறையாக்கத்துக்கான சாவி அட்டவணை அங்கேதான் இருக்கிறது. நல்ல கருவி பயாஸின் சொந்த உத்தரவு ஒன்றையே பயன்படுத்தி அதைப் படிக்கிறது. அரைகுறைக் கருவியில் கோப்பின் அளவு சரியாக 16 கேபி இருக்கும், ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் ஆரம்பம் முழுக்க ஒரே பைட் ஓடிக்கொண்டிருக்கும். அளவை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

ஃபர்ம்வேருக்கு அப்படி ஒப்பிட ஹேஷ் கிடையாது, ஒவ்வொரு கன்சோலிலும் வேறு. அதனால் இடையில் எந்த அமைப்பையும் மாற்றாமல் இரண்டு முறை டம்ப் எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஏன் வேறு என்றால், உள்ளே உங்கள் மேக் முகவரி, புனைபெயர், பிறந்த நாள், தொடுதிரை அளவீடு, சேமித்த வைஃபையின் பெயர், அதன் WEP சாவி (கடவுச்சொல்) வரை எல்லாம் இருக்கிறது. யாராவது கேட்டார்கள் என்று இந்தக் கோப்பை அனுப்பிவிடாதீர்கள், மற்றவர்களுடையதை இறக்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

என் தேர்வு டிஎஸ் லைட்தான். வீட்டில் 3டிஎஸ்ஸும் லைட்டும் இரண்டும் இருந்தால்கூட மூன்று கோப்புகளையும் லைட்டிலிருந்தே எடுங்கள், 3டிஎஸ்ஸில் எடுத்ததோடு கலக்க வேண்டாம். 3டிஎஸ் மட்டும் இருந்தால் அதற்காக ஒரு லைட் வாங்கத் தேவையில்லை. பயாஸை அதில் எடுத்துக்கொண்டு, மெனுவைத் தாண்டி நேராக கேமுக்குப் போகும்படி மெலன்டிஎஸ்ஸில் வைத்துவிடுங்கள்.