'வீல்சேர் வசதி உண்டு' என்று சொல்லும் ஓட்டலா? பணம் கட்டுமுன் பாத்ரூம் கதவை அளக்கச் சொல்லுங்கள்

தஞ்சாவூரில் தங்க இடம் தேடும் வீல்சேர் நண்பர்களுக்காக எழுதுகிறேன். வேறு ஊர் போகிறவர்களும் படிக்கலாம், கதை எங்கும் ஒன்றுதான். ஓட்டலின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எனக்குத் தண்டுவடக் காயம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? அறை பதிவு செய்யும் செயலியில் 'வீல்சேர் வசதி' என்று டிக் போட்டுத் தேடியதில் இந்த ஓட்டல் வந்தது. போன் போட்டும் கேட்டேன். "ராம்ப் இருக்கு, லிஃப்ட் இருக்கு, பாத்ரூம்ல பிடிமானக் கம்பி இருக்கு, கவலைப்படாம வாங்க சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர். அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். மற்ற அறைகளைவிட இதற்கு வாடகை கூடுதல். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன்.

ராம்ப் இருந்தது உண்மைதான். ஆனால் வாசலில் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டரைத் தாண்டி, சமையலறைக்கு கேஸ் சிலிண்டர் உருட்டிப் போகும் வழியில் இருந்தது. தரைக்கும் தளத்துக்கும் மூன்று படி உயரம். படிக்கு 15 செ.மீ. என்றால் 45 செ.மீ. ஏற வேண்டும். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள் சரிவு 1:12 இருக்க வேண்டும் என்கின்றன, அதாவது ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். அந்தக் கணக்கில் இங்கே ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். இருந்தது இரண்டு மீட்டர்கூட இல்லை. வழுக்கும் டைல்ஸ் வேறு. கைப்பிடி கிடையாது. மேலே போனதும் வண்டியை நிறுத்த ஒரு சாண் இடமில்லாமல் முகத்துக்கு நேரே கதவு.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம் சார்" என்றார் வாட்ச்மேன். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்குவது ஒரு வசதி அல்ல. என் கால் எங்காவது உரசித் தோல் கிழிந்தால் எனக்குத் தெரியாது; ராத்திரி உடை மாற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்ப்பேன். அது புண்ணானால் மாதக்கணக்கில் படுக்கைதான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும், அப்படித்தான் இந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் தூக்க வரும் ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுக்க வேண்டும். அன்று எடுத்தேன், தூக்கினார்கள்.

லிஃப்ட் ஒழுங்காக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாத்ரூம்தான் உச்சம். மனைவி கைப்பையில் எப்போதும் ஒரு டேப் வைத்திருப்பாள். அளந்தாள்: கதவு திறப்பு 58 செ.மீ. என் வண்டியின் அகலம் 64. நெறிகள் கேட்பது 90. கதவடியில் கிரானைட் தடுப்பு. உள்ளே 'பிடிமானக் கம்பி' என்று அவர்கள் சொன்னது துண்டு போடும் கம்பி! கையால் அழுத்தினேன், சுவரில் ஸ்க்ரூ ஆடியது. அதை நம்பி உடம்பு பாரத்தைப் போட்டிருந்தால் மறுநாள் கல்யாணத்துக்குப் பதில் ஆஸ்பத்திரிதான்.

மேலாளர் வந்தார். "போன மாசம் வீல்சேர்ல ஒரு பெரியவர் இதே ரூம்லதானே சார் தங்கினார்" என்றார். அவரால் நடக்க முடியுமா என்று கேட்டேன். "ஆமா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போயிடுவார்." அங்கேதான் கோளாறு எங்கே என்று புரிந்தது. இவர்கள் கணக்கில் வீல்சேர் என்பது காரிலிருந்து கட்டில்வரை வந்து சேர ஒரு வண்டி. அதற்கப்புறம் எழுந்து நடந்துவிடுவோம் என்று நினைக்கிறார்கள். எழவே முடியாதவர் வருவார் என்று யாரும் யோசித்ததே இல்லை. எனக்கு மாற்று ஏற்பாடாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தருவதாகச் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஓட்டல்காரர் செயலியைக் கேளுங்கள் என்றார். செயலிக்காரர் ஓட்டல் சம்மதிக்க வேண்டும், இது திரும்பத் தர முடியாத பதிவு என்றார்.

அன்று இரவு எங்களுக்கு இடம் கொடுத்தது ஒரு சின்ன லாட்ஜ். "வீல்சேர் வசதின்னு எதுவும் இல்லைங்க" என்றார் உரிமையாளர். "கீழே ஒரு ரூம் இருக்கு, இருங்க, அளந்து சொல்றேன்." பத்து நிமிடத்தில் கூப்பிட்டு, பாத்ரூம் கதவு 76 செ.மீ., வாசலில் ஒரு படி, அதற்குப் பலகை போட்டுவிடலாம் என்றார். சொன்னபடியே இருந்தது. அந்த மனிதரிடம் சட்டமும் இல்லை, சின்னமும் இல்லை, ஒரு டேப் மட்டும் இருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் என்று அந்த மேலாளர் அடித்துச் சொன்னார். தவறு. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் 'பொதுக் கட்டடம்' தான். ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்ற ஐந்து ஆண்டு, சேவைகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். இந்த அவகாசம் சட்டத்தின் கீழ் விதிகள் வந்த நாளிலிருந்து கணக்கு. அவை வந்தது 2017 ஜூன், ஆக இரண்டு கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டன. முதல் மீறலுக்கு அபராதம் ரூ.10,000 வரை, மறுபடி செய்தால் ரூ.50,000 முதல் 5 லட்சம் வரை. ஆனால் விதிகள் எழுதப்பட்ட விதம் எல்லாவற்றையும் வெறும் பரிந்துரைபோல ஆக்கிவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: கட்டடங்களுக்கும் சேவைகளுக்கும் தரம் சொல்லும் 15ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரண், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் கொண்டுவாருங்கள் என்றது. நம் ஊர் ஓட்டல்காரர்கள் காதுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

ஆகவே அறை பதிவு செய்யும்போது "வசதி இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள். பாத்ரூம் கதவின் குறுக்கே டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு போட்டோ கேளுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை வீடியோ காலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். வழியில் படி வந்தால் அதிலேயே தெரிந்துவிடும். கம்பியைப் பிடித்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ரசீது, வாட்ஸ்அப் செய்தி, அளவோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ஓட்டல் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கூடவே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், நானும் அனுப்பியிருக்கிறேன். என் மனு தமிழில்தான் இருக்கிறது; மாதிரிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.