எஃப்பிஎம் செட்டப் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

எங்கள் வலைத்தளங்களை அப்பாச்சி என்ற வெப் சர்வரிலிருந்து என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கும், அதன் பின்னால் பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கும் மாற்றித்தர ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்துவைத்த வேலை இது. பெயர் சொல்லப்போவதில்லை, இப்படிச் செய்கிறவர்கள் அவர்கள் மட்டுமல்ல.

கொஞ்சம் கூட்டம் வந்தாலே தளம் திறக்காமல் 502 பிழை. கேட்டால், "ராம் பத்தலை சார், பெரிய சர்வருக்கு மாறிடுங்க" என்றார்கள். அதை மாற்றித்தரத் தனிக் கட்டணமாம். பூல் என்பது எஃப்பிஎம்மின் பிராசஸ் குழு; அதன் செட்டிங் ஃபைலைத் திறந்து பார்த்தால் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிராசஸ்களின் உச்சவரம்பு) 200 என்று இருக்கிறது. சர்வரில் இருப்பதோ 4 ஜிபி. எங்கள் தளத்தில் ஒரு பிராசஸ் சுமார் 60 எம்பி எடுக்கும். இருநூறும் ஒன்றாக எழுந்தால் 12 ஜிபி வேண்டும்! மெமரி தீர்ந்ததும் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), ஓடும் பிராசஸ்களைக் கொல்லத்தான் செய்யும். டேட்டாபேஸுக்கு இடம் விட்டுக் கணக்குப் போட்டு 40 ஆக்கினோம். கூட்டம் வந்தால் மிச்சக் கோரிக்கைகள் சற்று வரிசையில் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதே சர்வர்தான், தளம் விழுவதில்லை.

இதைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்ததை விட முடியாது. எஃப்பிஎம்மை 0.0.0.0:9000-இல், அதாவது சர்வரின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் 9000 போர்ட்டில், கோரிக்கைகளைக் கேட்க வைத்திருக்கிறார்கள். ஃபயர்வால் இல்லை, யார் இணையலாம் என்று வரையறுக்கும் அலவுட் கிளையன்ட்ஸ் வரியும் காலி. வெப் சர்வரும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் முறையான ஃபாஸ்ட்சிஜிஐயில் பாஸ்வேர்டு கேட்கும் வழக்கமே கிடையாது. அந்தப் போர்ட்டை எட்டுகிற எவரும் கோரிக்கையோடு பிஎச்பி செட்டிங்கையும் சேர்த்தனுப்பித் தன் கோடை நம் சர்வரில் ஓட்டலாம். என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் ஒரே மெஷினில் இருக்கும்போது, போர்ட் இல்லாமல் மெஷினுக்குள்ளேயே இணைக்கும் யூனிக்ஸ் சாக்கெட்டே போதும். போர்ட்தான் வேண்டுமென்றால், அதே மெஷினிலிருந்து மட்டும் எட்டக்கூடிய 127.0.0.1 என்ற முகவரியைப் போட்டிருக்க வேண்டும்.

பில்லில் "தளத்துக்கொரு பூல், தனி யூசர்" என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சர்வரில் இருந்தது ஒரே பூல், எல்லாத் தளங்களுக்கும் ஒரே யூசர். ஒரு தளத்தில் ஓட்டை விழுந்தால் மற்றவற்றின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் படித்துவிடலாம். இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சைட் ஓடுதே சார்" என்றதோடு சரி.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருந்தால், கடைசித் தவணைக்கு முன் பூல் ஃபைல்களை அனுப்பச் சொல்லுங்கள். லிசன் (எந்த முகவரியில் கேட்கிறது), யூசர், மேக்ஸ் சில்ட்ரன் மூன்றையும் நீங்களே படியுங்கள். வெளியிலிருந்து 9000 போர்ட் திறக்கிறதா என்று வேறொரு மெஷினிலிருந்து பாருங்கள். திறந்தால் பணத்தை நிறுத்துங்கள், போர்ட்டை அன்றே மூடுங்கள்.