பெயர் தெரியாத சிற்றலை நிலையம்: அட்டவணையா, காதா, தூரத்து ரிசீவரா?

இரவு எட்டரை ஆக மூன்று நிமிடம். 9 மெகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஒரு பெண் குரல் ஏதோ செய்தி படிக்கிறது. மொழி பிடிபடவில்லை. யார் இது? இதைக் கண்டுபிடிக்க இன்று நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள், நம் காது, உலகின் வேறு மூலைகளில் இருந்தாலும் இணையம் வழியாக நாம் கேட்கக்கூடிய ரிசீவர்கள். புதிதாக வருகிறவர்கள் நேராக அட்டவணையைத் திறக்கிறார்கள். நான் காதைத்தான் முதலில் வைப்பேன்.

அட்டவணைகளுக்குள்ளேயே போட்டி உண்டு. எச்எஃப்சிசி என்ற பன்னாட்டு அமைப்பின் பட்டியல் ஒலிபரப்பு நிறுவனங்களே பதிவு செய்வது. டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடம், எத்தனை கிலோவாட், எந்தத் திசை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது ரயில் முன்பதிவு சார்ட் மாதிரி. பெயர் இருக்கும், ஆள் ஏறினாரா என்று அதற்குத் தெரியாது. பதிவே செய்யாமல் ஒலிபரப்புகிறவர்கள் அதில் அகப்படவும் மாட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வரும் ஈபி பட்டியல் நேயர்கள் கேட்டுச் சொல்வதையும் சேர்த்துத் திருத்தப்படுகிறது. துல்லிய நேரத்தை அறிவிக்கும் நேரக்குறி நிலையங்கள்கூட அதில் உண்டு. ஜப்பானின் ஆவோக்கி பட்டியலில் கிலோவாட்டும் திசையும் சேர்ந்தே கிடைக்கும். ஒன்று மட்டும் போதும் என்றால் ஈபியை எடுங்கள்.

எதை எடுத்தாலும் புதிய கோப்பாக இருக்கட்டும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அலைவரிசைகள் மாறிவிடும். நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை ஐந்தரை வரை அங்கே முந்தைய நாள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஞாயிறு மட்டும் வரும் நிகழ்ச்சியைத் தேடும்போது இது காலை வாரிவிடும்.

அட்டவணை எங்கே தோற்கிறது? வாய்ஸ் ஆஃப் திபெத்தை எடுத்துக்கொள்வோம். தஜிகிஸ்தானின் துஷான்பேயிலிருந்து திபெத்திய மொழியில் ஒலிபரப்பி வந்த அந்த நிலையத்தை மறைக்க, சீனா தன் உள்நாட்டுச் சேவையான சிஎன்ஆர் 1-ஐ அதே அலைவரிசையில் போடும். தப்பிப்பதற்காக நிலையம் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி நகரும். அட்டவணை 'திபெத்திய மொழி' என்கிறது, உங்கள் காதில் விழுவதோ சீன மொழி. பட்டியலை நம்பி எழுதினால் கேட்காத நிலையத்தைக் கேட்டதாகப் பதிவு செய்திருப்பீர்கள். வழக்கமான ஒலிபரப்புகள் 5 கிலோஹெர்ட்ஸ் மடங்குகளில் வரும். அதைவிட்டு விலகி நிற்கும் எண்ணே ஒரு துப்பு.

காது வேலை செய்யும் நேரம் எட்டரை, ஒன்பது, ஒன்பதரை. ஒலிபரப்புகள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும், முடியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, எட்டு இருபத்தேழிலிருந்து காத்திருங்கள். அடையாள இசை, நிலையத்தின் பெயர் எல்லாம் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் போய்விடும். 10,000 கிலோஹெர்ட்ஸில் 'டிக் டிக்' கேட்கிறது என்று வையுங்கள். அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி, சீனாவின் பிபிஎம் என்ற நேரக்குறி நிலையங்கள் இரண்டுமே அந்த எண்ணில் இருப்பதால் பட்டியலால் பிரித்துச் சொல்ல முடியாது. காதால் முடியும். டபிள்யூடபிள்யூவியில் நிமிடத்துக்கு ஒருமுறை ஆண் குரல் ஆங்கிலத்தில் நேரம் சொல்லும். பிபிஎம்மில் 29, 59 ஆம் நிமிடங்களில் மோர்ஸில் பெயரும் தொடர்ந்து சீன மொழியில் பெண் குரலும் வரும்.

பெயரே சொல்லாத நிலையங்களிடம் காது தோற்றுவிடும். அங்கேதான் தூரத்து ரிசீவர்கள் வருகின்றன. இணையத்தோடு இணைக்கப்பட்ட கிவி எஸ்டிஆர் என்ற ரிசீவர் கருவிகள் ஜிபிஎஸ் நேரத்தோடு ஓடுகின்றன. மூன்று நான்கு இடங்களில் ஒரே அலையைப் பதிவு செய்து, அது வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் காட்டும் வசதி அதில் இருக்கிறது. வானில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை என்பதால் புள்ளி விழாது, ஒரு வட்டாரம்தான் கிடைக்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

எனக்கு இந்த ரிசீவர்கள் அதிகம் உதவியது வேறொரு விஷயத்தில். இரண்டு வாரம் துரத்திய ஒரு முரல் ஒலி, பக்கத்து ஊர் ரிசீவர் எதிலும் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் ரேடியோவை வைத்தேன். ஒலி நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் படுக்கையறை எல்இடி விளக்கு அகப்பட்டது.

இன்னொன்று, மலிவான பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. அதன் இடைநிலை அலைவரிசை (வரும் அலையை ரேடியோ தனக்குள் மாற்றிக்கொள்ளும் எண்) 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதன் இரு மடங்கான 910 மேலே இருக்கும் வலுவான நிலையம் கீழே இன்னொரு முறை கேட்கும். 8,700-இல் கேட்டால் 9,610-ஐயும் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் அதே குரல் இன்னும் தெளிவாக வந்தால், 8,700-இல் கேட்டது அதன் போலிதான், அதற்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடைக்காது.

நிலையத்துக்கு அறிக்கை அனுப்பி, கேட்டதை உறுதி செய்யும் வண்ண அட்டை கேட்கும்போது, காதால் பெயர் கேட்டிருந்தால் மட்டும் நான் உறுதியாக எழுதுவேன். பட்டியலில் பார்த்ததை 'இருக்கலாம்' என்று குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி வைப்பேன்; மறுநாள் அதே நேரத்தில் திரும்பவும் எட்டு இருபத்தேழுக்கு உட்காருவேன்.