தைலம் வாங்கலாம், என்சைம் டப்பா வேண்டாம்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்தில் இயற்கைப் பொருள் கடை ஒன்று. பெயரைச் சொல்லப்போவதில்லை. தேனும் யூக்கலிப்டஸ் தைலமும் அங்கேதான் வாங்குவோம். இந்த முறை என் மனைவியின் வீங்கிய விரல் கணுக்களைப் பார்த்துவிட்டு, “அக்காவுக்கு முடக்குவாதமா?” என்று கேட்ட கடைக்காரர், ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். ‘பாதுகாப்பு என்சைம்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய் எதுவானாலும் கேட்குமாம். முடக்குவாதத்துக்காக அவள் வாராவாரம் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தையும் நிறுத்திவிடலாமாம்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவன். அரைபட்ட பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறுவதே பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற என்சைமால்தான். பதம் வந்ததும் டிரையரில் தள்ளுவோம்; சூட்டில் அதன் ஆட்டம் முடிந்துவிடும். என்சைம் என்பது புரதம், அவ்வளவு சொகுசானது. விழுங்கினால் பெரும்பகுதி வயிற்றிலேயே செரித்துப்போகும்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அன்னாசியிலிருந்து ப்ரோமெலைன், பப்பாளியிலிருந்து பப்பைன். அடியில் பொடி எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. முன்பக்கம் ஒரு பேச்சு, பின்பக்கம் ஒரு பேச்சு!

இந்த மாதிரி நோய்களுக்கு என்சைம் ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது என்பதால்தான் எனக்கு ஆத்திரம். செத்த செல்கள் விட்டுப்போகும் டிஎன்ஏவைத் துப்புரவு செய்ய நம் உடம்பிலேயே டிஎன்ஏஸ்1எல்3 என்ற என்சைம் உண்டு. பிறவியிலேயே அது வேலை செய்யாத பிள்ளைகளுக்கு, உடம்பு தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான லூபஸ் வருவதை 2011-இல் சவூதிக் குடும்பங்களில் கண்டறிந்தார்கள். இம்லிஃபிடேஸ் என்று இன்னொன்று. பாக்டீரியாவிடமிருந்து எடுத்தது, அந்நியமானதைத் தாக்க நம் உடம்பு செய்யும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை வெட்டிப்போடும். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக 2020-இல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் சிலவற்றிலும் சோதித்து வருகிறார்கள். அதை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள், டப்பாவில் போட்டு விற்பதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது, “நம்பிக்கை வேண்டும் சார்” என்றார் கடைக்காரர். “நம்பிக்கை வைத்தால் விரல் மடங்குமா தம்பி?” என்று கேட்டுவிட்டுத் தைலத்துக்கு மட்டும் பணம் கொடுத்தாள் என் மனைவி.

தைலம் சுத்தம், விலையும் நியாயம்; அதற்காக மூன்று நட்சத்திரம். மருத்துவரைக் கேட்காமல் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் மூட்டு மறுபடி வீங்கலாம், அரித்துப்போன எலும்பு திரும்பி வராது. அந்தப் பேச்சைக் கடைக்காரர் விடும்வரை நான்காவது நட்சத்திரம் கிடையாது.